தண்ணீரை அசைத்த கைகள்

இரவு பதினொன்றரைக்கு வரும் போன் மீன் செத்த செய்தியாக இருக்காது. செத்த மீனைக் காலையில்தான் பார்ப்பார்கள். அந்த நேரத்துப் போன் எப்போதும் சத்தத்தைப் பற்றியது. பகலெல்லாம் ஓடிய அதே மோட்டார்தான். டிவி அணைந்து, மிக்சி ஓய்ந்து, தெருவில் ஆட்டோ அடங்கிய பிறகுதான் அதன் குரல் காதில் விழும்.

"அண்ணே, வேவ்மேக்கர் கடகடன்னு அடிக்குது. வீட்ல தொட்டியையே தூக்கி வெளியில போடச் சொல்றாங்க" என்றார் அண்ணா நகர்க்காரர். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். நாலடிக் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கிறார். அதில் அலை எழுப்பும் மோட்டார்தான் வேவ்மேக்கர்.

"சார், போனை அப்படியே கண்ணாடிகிட்ட வைங்க."

அரை நிமிஷம் கேட்டேன். அடியில் ஒரு கரகரப்பு, அதன் மேல் சீரான கடகடப்பு.

"சுண்ணாம்பு கட்டியிருக்கு சார். புஷ்ஷும் போயிருக்கும். கீழேருந்து தண்ணி ஏத்துற மோட்டார் ஓடுதுல்ல? ராத்திரிக்கு அது போதும். வேவ்மேக்கரை மட்டும் ஆஃப் பண்ணிட்டுப் படுங்க. காலைல வர்றேன்."

எலக்ட்ரிகல் டிப்ளமா முடித்துவிட்டு, மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறையில் இருந்தவன் நான். கொளத்தூரில் மீன் தொட்டி மோட்டார் பார்க்க வந்து முப்பத்தெட்டு வருஷமாகிறது. சுற்றியிருப்பவர்கள் மொட்டை மாடியிலும் சிமெண்ட் தொட்டியிலும் கப்பி, மோலி, ஏஞ்சல், ஃபைட்டர் என்று குஞ்சு எடுப்பார்கள். எனக்கு மீனைவிட மோட்டாரோடுதான் பழக்கம். எது எந்தச் சத்தம் போட்டால் எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவேன். ஆனால் இந்தச் சத்தம் வீட்டுக்குள் எப்போது வந்தது, அதற்கு முன்னால் தண்ணீரை யார் அசைத்தார்கள் என்று ஒருநாள் தோன்றியது. அதைத் தேடியதில் கன்னிமாரா நூலகத்தில் பல சனிக்கிழமைகள் போயின.

நூலகமும் எழும்பூர் மியூசியமும் ஒரே வளாகம். பதில் அங்கேயே தொடங்கியது. சென்னையின் பழைய ஆட்களுக்கு மிருகக்காட்சிசாலை 'உயிர் காலேஜ்', எழும்பூர் மியூசியம் 'செத்த காலேஜ்'. அந்தச் செத்த காலேஜுக்கு 1885-ல் கண்காணிப்பாளராக வந்த எட்கர் தர்ஸ்டன், மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பையும் சங்குகுளிப்பையும் பற்றி எழுதியவர். பாடம் செய்த மீனைக் கண்ணாடிப் புட்டியில் காட்டியது போதாமல், உயிரோடு காட்ட ஒரு கட்டடம் வேண்டும் என்று முனைந்தவரும் அவர்தான். 1909 அக்டோபர் 21 அன்று மெரினாவில் மீன் காட்சிச்சாலை திறந்தார்கள். இந்தியாவிலேயே முதலாவது அது. பிறகு 1919-ல் மீன்வளத் துறையின் கைக்குப் போனது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மூடினார்கள். என் தாத்தா சிறுவனாக அதைப் பார்த்திருக்கிறார். "பாம்பு மாதிரி ஒரு மீனு, பாறை மாதிரி ஒரு மீனு" என்பார். பாம்பு மாதிரி இருந்தது விலாங்கு வகையாக இருக்கலாம். மற்றது கல்மீன் என்று நான் வைத்துக்கொண்டேன்.

கடல் எதிரிலேயே கிடக்கும்போது கடல் மீனை வளர்ப்பதில் என்ன கஷ்டம் என்று தோன்றும். ஆனால் குடத்தில் மொண்டு வைத்த கடல்நீர் இரண்டு நாளில் வாடை அடிக்கும். காற்றிலிருக்கும் ஆக்சிஜன் தண்ணீரின் மேற்பரப்பு வழியாகத்தான் உள்ளே இறங்கும். மேலே உள்ள தண்ணீர் கீழேயும், கீழே உள்ளது மேலேயும் புரண்டுகொண்டே இருந்தால்தான் அடியிலிருக்கும் மீனுக்கு மூச்சு. கடற்கரையில் அலை அதைச் செய்கிறது. தொட்டிக்குள் அலை கிடையாது. நம் ஊரில் இன்னொரு சிக்கலும் உண்டு. 10 டிகிரி குளிரில் ஒரு லிட்டர் கடல்நீர் ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடித்து வைக்கும். 30 டிகிரியில் 6 மில்லிகிராம் சொச்சம்தான். லண்டன் தொட்டி ஒருநாள் தாங்கினால் சென்னைத் தொட்டி அரைநாள்கூடத் தாங்காது.

அந்த லண்டனில்தான் அன்னா தைன் என்ற பெண்மணி இருந்தார். கணவர் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் பதவியில் இருந்தவர். 1846-ல் இங்கிலாந்தின் தென்மேற்குக் கரையில் டார்க்கே என்ற ஊரில் சிறு பவள உயிர்களைப் பார்த்து ஆசைப்பட்டு, கல்ஜாடியில் கடல்நீரோடு லண்டனுக்குக் கொண்டுவந்தார். முதலில் புதுக் கடல்நீர் தருவித்து அடிக்கடி மாற்றினார். அது கட்டுப்படியாகவில்லை. அதன்பிறகு அவர் செய்ததைப் படித்தபோது நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். வீட்டு வேலைக்காரப் பெண்ணைத் திறந்த ஜன்னலுக்கு முன்னால் நிற்க வைத்து, கடல்நீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொரு பாத்திரத்துக்கு மாற்றி மாற்றி ஊற்றச் சொன்னார். தினமும் அரை மணி, முக்கால் மணி. டீக்கடையில் டீ ஆற்றுவது மாதிரிதான். டீயை ஆற்றினால் சூடு போகும், தண்ணீரை ஆற்றினால் காற்று சேரும். மறு வருஷம் கடற்பாசியையும் சேர்த்தார். பவளங்கள் பிழைத்தன, குட்டியும் போட்டன. அன்னா தைன் பெயர் வரலாற்றில் இருக்கிறது. ஊற்றிய பெண்ணின் பெயர் இல்லை. உலகின் முதல் வேவ்மேக்கர் என்று கேட்டால் நான் அந்தப் பெண்ணின் கையைத்தான் சொல்வேன்.

எனக்கு அந்தக் கை புதிதில்லை. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைத் தாக்கியது. மரமும் கம்பமும் சாய்ந்து, எங்கள் தெருவில் நாலு நாள் கரண்ட் இல்லை. வீட்டுக்குள் பதினோரு கண்ணாடித் தொட்டிகள், அதில் பாதி வாடிக்கையாளர்கள் விட்டுப்போன மீன். இன்வெர்ட்டர் முதல் ராத்திரியே படுத்துவிட்டது. பேட்டரி பம்ப் மூன்றுதான். அன்று அம்மாவுக்கு வயது எழுபத்தொன்று. முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, எவர்சில்வர் சொம்பால் தொட்டித் தண்ணீரை மொண்டு, ஒரு முழ உயரத்திலிருந்து அதே தொட்டியில் ஊற்றினாள். நுரை எழும்பும்படி ஊற்ற வேண்டும், அப்போதுதான் காற்று உள்ளே போகும். ஒரு தொட்டிக்கு ஐம்பது சொம்பு, அடுத்த தொட்டி, அதற்கடுத்த தொட்டி. அம்மா, மனைவி, நான் என்று முறை போட்டு நாலு நாள் ஊற்றினோம். "உன் மோட்டார் சத்தம் இல்லாம தூக்கமே வரலடா" என்றாள் மூன்றாம் நாள் இரவு. பெரிய ஆஸ்கார் மீன் இரண்டும் கோல்டு ஃபிஷ் நாலும் போய்விட்டன. மற்றதெல்லாம் பிழைத்தன.

லண்டனுக்குத் திரும்புகிறேன். 1850-ல் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர் மீனும் நீர்ச்செடியும் நத்தையும் சேர்ந்தால் தொட்டி தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும் என்று காட்டினார். 1853-ல் லண்டன் மிருகக்காட்சிசாலையில் மக்கள் பார்க்க மீன் வீடு திறந்தது. அடுத்த வருஷம் ஃபிலிப் ஹென்றி காஸ் எழுதிய புத்தகத்தால் 'அக்வேரியம்' என்ற சொல் ஊரெல்லாம் பரவியது. வீட்டுக்கு வீடு கண்ணாடித் தொட்டி வாங்கினார்கள், வாங்கிய வேகத்தில் மீனைச் சாகவும் விட்டார்கள். செடியை நம்பி மீனைக் கூட்டமாகப் போட்டால் என்ன ஆகும் என்று கொளத்தூரில் பத்தாவது படிக்கும் பையனுக்குக்கூடத் தெரியும்.

தண்ணீரை அசைத்தே ஆக வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர் வில்லியம் ஆல்ஃபோர்ட் லாய்ட். லண்டனில் தொட்டியும் கடல்நீரும் விற்ற கடைக்காரர். கடைக்காரர் என்பதால் எனக்கு அவர்மேல் தனிப் பிரியம். பாரிஸ், ஹாம்பர்க் என்று காட்சிச்சாலைகளுக்குத் தொட்டி அமைத்துப் பழகி, 1871-ல் தெற்கு லண்டனில் கிரிஸ்டல் பேலஸ் அக்வேரியத்தை நிறுவினார். மக்கள் பார்க்கும் தொட்டிகளைவிடப் பல மடங்கு பெரிய நீர்த்தேக்கம் தரைக்குக் கீழே இருட்டில். அங்கிருந்து நீராவி இயந்திரம் கடல்நீரை மேலே ஏற்றும். அது தாரையாகத் தொட்டிக்குள் விழுந்து காற்றையும் இழுத்துக்கொண்டு போகும், வழிந்து மறுபடி கீழே வரும். இரவும் பகலும் நிறுத்தமே இல்லை. கடல்நீர் இரும்பையும் செம்பையும் அரிக்கும், அரித்தது மீனுக்கு விஷம். அதனால் பம்புகளைக் கெட்டி ரப்பரில் செய்ய வைத்தார். இன்று அண்ணா நகர் வீட்டில் தொட்டிக்குக் கீழே அலமாரிக்குள் 'சம்ப்' வைத்து மேலே தண்ணீர் ஏற்றுகிறோமே, அது லாய்டின் திட்டத்தின் சின்னப் பிரதி. உலோகம் தண்ணீரில் படக்கூடாது என்பதும் அப்படியே நிற்கிறது. இன்றைக்கு நல்ல வேவ்மேக்கரின் அச்சு பீங்கான்தான்.

நீராவி இயந்திரத்தை யாரும் கூடத்தில் வைக்க முடியாது. வீட்டுக்குள் சத்தத்தைக் கொண்டுவந்தது மின்சாரமும் ஏர் பம்பும். நான் தொழிலுக்கு வந்தபோது எங்கள் பக்கம் மீன் தொட்டி மோட்டார் என்றாலே அதுதான். உள்ளே ஒரு காயில், எதிரே நுனியில் காந்தம் வைத்த ஒரு நாக்கு, நாக்கோடு ஒட்டிய ரப்பர் டயாஃப்ரம். நம் கரண்ட் நொடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாகப் போய்வரும். நாக்கும் நொடிக்கு 50 முறை துடிக்கும், ரப்பர் காற்றை அமுக்கி அனுப்பும். அமெரிக்காவில் விற்ற ஒரு பம்புக்கு 'சைலண்ட் ஜயண்ட்' என்று பெயர். இன்னொன்றுக்கு 'விஸ்பர்'. மௌன ராட்சசன், கிசுகிசுப்பு. பெயரிலேயே சத்தமில்லை என்று சத்தியம் செய்ய வேண்டியிருந்தது என்றால் வாங்கியவர்கள் வீட்டில் என்ன சண்டை நடந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏர் பம்பின் இரைச்சலில் பாதி பம்புடையதே கிடையாது. மர அலமாரி மேல் வைத்தால் அலமாரி வீணைக் குடம் மாதிரி வேலை செய்யும். அந்தக் காலத்தில் பழைய ஹவாய் செருப்பை வெட்டி அடியில் கொடுப்போம், சத்தம் சட்டென்று இறங்கும். சிலர் ஆணி அடித்து நூலில் தொங்கவிடுவார்கள். அப்படித் தொங்கவிடுவதில் இன்னொரு நன்மை, பம்ப் தண்ணீர் மட்டத்துக்கு மேலே இருக்கும். கீழே வைத்தால் கரண்ட் போனதும் குழாய் வழியாகத் தொட்டித் தண்ணீர் பம்புக்குள் இறங்கிவிடும். அப்படிக் காயில் எரிந்து என்னிடம் வந்த பம்புகளை எண்ணி மாளாது.

அடுத்த மாற்றம் ஜெர்மனியிலிருந்து வந்தது. குந்தர் ஐஹைம் 1963-ல் உறிஞ்சி வடிகட்டும் ஃபில்டரைக் கொண்டுவந்தார். அதற்குச் சற்று முன்பு, 1960-ல், பவேரியாவில் நோர்பர்ட் டுன்ஸே தொழில் தொடங்கியிருந்தார். கடல் தொட்டிக்காரர்கள் அவர் பெயரில் வந்த பம்புகளை இன்றும் மரியாதையாகச் சொல்வார்கள். இந்த வகை மோட்டாரில் காயிலை ரெசினுக்குள் புதைத்து மூடிவிடுவார்கள். சுழலும் காந்தம் மட்டும் தண்ணீருக்குள்ளேயே ஒரு குழியில் கிடக்கும். காயிலுக்கும் காந்தத்துக்கும் நடுவே பிளாஸ்டிக் சுவர், காந்தப்புலம் அதைத் தாண்டிச் சுற்றும். ஷாஃப்ட் வெளியே வராததால் கசிவு இல்லை. தண்ணீரே எண்ணெய், தண்ணீரே குளிர்ச்சி. காயில் கட்டிப் பழகிய எனக்கு இதை முதலில் பிரித்துப் பார்த்தபோது கும்பிடத் தோன்றியது.

நன்னீர் மீனுக்கு இது போதும். கடல் பாறைத் தொட்டி கேட்பது வேறு. 1961-ல் ஜகார்த்தாவின் லீ சின் எங், கடலிலிருந்து எடுத்த உயிருள்ள பாறையும் வெளிச்சமும் கொஞ்சம் காற்றுக் குமிழும் வைத்தே கடல் உயிர்களை வளர்த்ததை எழுதினார். பாறையில் உள்ள பாக்டீரியாதான் தண்ணீரைச் சுத்தம் செய்கிறது. அந்தப் பாக்டீரியாவாலும் பவளத்தாலும் நகர முடியாது. சாப்பாடும் ஆக்சிஜனும் தேடி வர வேண்டும், கழிவைத் தண்ணீர் அடித்துப் போக வேண்டும். ஒரே திசையில் குழாய் பீச்சுவது மாதிரி அடித்தால் ஒரு பக்கம் சதை கிழியும், மறுபக்கம் அழுக்கு தங்கும். போவதும் வருவதுமாக அலை வேண்டும்.

அந்த அலைக்காக மனிதர்கள் பட்ட பாடு தனிக் கதை. வாஷிங்டன் ஸ்மித்சோனியன் மியூசியத்தில் வால்டர் ஆடி, தண்ணீர் நிரம்பியதும் தானே கவிழும் வாளிகளை வைத்து அலை எழுப்பினார். ஹவாயின் வைகிகி அக்வேரியத்தில் புரூஸ் கார்ல்சன் மேலே ஒரு தொட்டியும் வளைந்த குழாயும் மட்டும் வைத்தார். தொட்டி நிரம்பினால் குழாய் தானே உறிஞ்ச ஆரம்பித்து மொத்தத் தண்ணீரையும் ஒரே மூச்சில் கீழே தள்ளும். அதில் சுழலும் பாகம் எதுவும் இல்லை, கெட்டுப்போகவும் ஒன்றும் இல்லை. கடைசிக் காற்றை உறிஞ்சும்போது மட்டும் கழிவறை ஃபிளஷ் மாதிரி ஒரு முழக்கம் கேட்கும். 2000-க்குப் பிறகு கப்பல் விசிறி மாதிரி புரொப்பெல்லர் வைத்த மோட்டார்கள் வந்தன. கைக்குள் அடங்கும் ஒன்று, ஒரு குண்டு பல்பைவிடக் குறைந்த கரண்டில், மணிக்குச் சில ஆயிரம் லிட்டரை மெதுவாக, அகலமாகத் தள்ளும். கண்ணாடிக்கு வெளியே மோட்டாரும் உள்ளே விசிறியுமாக, இரண்டையும் காந்தம் மட்டுமே இணைக்கும் வகையும் வந்தது. நம் கடைகளில் இவை எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்: வேவ்மேக்கர்.

காலையில் அண்ணா நகர் போனேன். சாரின் தொட்டியில் பவளம் இல்லை. முன்பு கேட்டார், "மன்னார்ல இருந்து யாராவது கொண்டுவந்து தருவாங்களாண்ணே?" முடியாது என்றேன். 2001 முதல் நம் கடலின் கல்பவளங்களுக்குப் புலிக்குக் கொடுத்திருக்கும் சட்டப் பாதுகாப்பைக் கொடுத்திருக்கிறார்கள். மண்டபத்தில் அரசு ஆராய்ச்சியாளர்கள் கோமாளி மீனைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வைத்துவிட்ட பிறகு, கடலில் கை வைக்க என்ன இருக்கிறது? அவர் தொட்டியில் அப்படிப் பண்ணையில் பிறந்த கோமாளி ஜோடி ஒன்றும், செயற்கைப் பாறையும்தான் இருக்கின்றன.

முதலில் பிளக்கைப் பிடுங்கினேன். இதை எத்தனை முறை சொன்னாலும் பத்தாது, கடல்நீரில் கை விடுவதற்கு முன் பிளக் கையில் இருக்க வேண்டும். மோட்டாரை எடுத்து, முன்கூண்டைத் திருகிக் கழற்றி, விசிறியை இழுத்தேன். காந்தத்தின் மேல் வெற்றிலைப் பெட்டிச் சுண்ணாம்பு மாதிரி வெள்ளைப் படலம், குழியின் உள்சுவரில் ரோஜா நிறப் பாசி. குழியின் அடியில் ஒரே ஒரு மணல். கரகரப்பு அதுதான். பீங்கான் ஷாஃப்டை நகத்தால் தட்டிப் பார்த்தேன், விரிசல் இல்லை. முனையிலிருந்த ரப்பர் புஷ் தேய்ந்து ஓட்டை அகன்றிருந்தது, கடகடப்பு அது.

"இவ்வளவுதானா?" என்று எட்டிப் பார்த்தார் வீட்டம்மா.

"இவ்வளவுதாம்மா. வீட்டுல வினிகர் இருக்கா?"

பாதி வினிகர், பாதித் தண்ணீர், ஒரு கிண்ணம். காந்தத்தையும் கூண்டையும் அதில் போட்டதும் சோடா மாதிரி பொங்கியது. ஒரு மணி நேரத்தில் சுண்ணாம்பு இளகிவிட்டது. பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசி, புது புஷ் மாட்டி, உள்ளே போட்டேன். சுவிட்ச் போட்டதும் 'டிக்' என்று ஒரு தட்டு, பிறகு அமைதி. அந்தத் தட்டு கோளாறு கிடையாது. ஏசி மோட்டாரின் காந்தம் புறப்படும்போது எந்தப் பக்கம் சுற்றுவது என்று தடவிப் பார்க்கும், தப்பான பக்கம் திரும்பினால் தடுப்பில் இடித்துச் சரியான பக்கம் போகும். டைமர் வைத்து நிமிஷத்துக்கு ஒருமுறை நிறுத்தி ஓட்டினால் நிமிஷத்துக்கு ஒரு தட்டு கேட்கும்.

மற்றச் சத்தங்களையும் சொல்லிவிடுகிறேன். சர்ரென்று இழுத்தால் மோட்டார் காற்றைக் குடிக்கிறது. தண்ணீர் ஆவியாகி மட்டம் இறங்கியிருக்கும். கடல் தொட்டியில் உப்பு ஆவியாவதில்லை, அதனால் உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீரை ஊற்றி மட்டத்தைச் சரிசெய்யுங்கள், மோட்டாரையும் இரண்டு விரல் கீழே இறக்குங்கள். ம்ம்ம் என்று சுவரெல்லாம் முனகினால் சக்ஷன் கப் காய்ந்து, துடிப்பு கண்ணாடிக்குள் இறங்குகிறது. புதுக் கப் போடுங்கள், வெந்நீரில் ஊற வைத்தாலும் சில நாள் ஓடும். திடீரென்று நடுங்கினால் விசிறியின் ஒரு இதழ் உடைந்திருக்கும், விசிறியை மாற்ற வேண்டும். இதில் எதற்கும் புது மோட்டார் தேவையில்லை. ஷாஃப்ட் ஒடிந்து பாகமும் கிடைக்கவில்லை, அல்லது ரெசின் வெடித்துக் காயிலுக்குள் தண்ணீர் போய்விட்டது என்றால் மட்டும் தூக்கிப் போடுங்கள். அப்படி வெடித்ததை ஒட்டி ஓட்டவே கூடாது, உயிருக்கு ஆபத்து.

வேலைக்காரப் பெண் தினமும் முக்கால் மணி ஊற்றிய தண்ணீரை இன்று மோட்டார் இருபத்துநாலு மணி நேரமும் ஊற்றுகிறது. பதிலுக்கு அது கேட்பது மாதம் பதினைந்து நிமிஷக் கைவேலை. அதைக் கொடுக்காதபோதுதான் இரவு பதினொன்றரைக்குக் குரல் கொடுக்கிறது. அப்போது தொட்டியைத் தூக்க வேண்டாம், எனக்குப் போன் செய்யவும் வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, விசிறியைக் கழற்றிப் பாருங்கள்.